பென்சிலால் டிக் போட்ட இடங்கள்

தாம்பரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இந்த வேலைக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு டூவீலர், வெயில் தாங்கும் மண்டை, யார் என்ன சொன்னாலும் சுருங்காத முகம், நன்றாகச் சீவிய ஒரு பென்சில், இவ்வளவு போதும். பென்சில் எதற்கென்றால், டிக் போடுவதற்கு.

பாலிசி ஃபார்ம் என்பது பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாக டிக் போட்டு வைத்துவிடுவேன். வாடிக்கையாளர் பக்கத்தைப் புரட்டுவார், டிக் இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார், அடுத்த பக்கம் போவார். மற்றக் கட்டங்களை நான் அப்புறம் நிரப்பிக்கொள்வேன். "நீங்களே ஃபில் பண்ணிக்கோங்க சார்" என்பார்கள். டாக்டர் வீட்டிலும் இதுதான் வழக்கம், மளிகைக் கடையிலும் இதுதான். இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்து நாங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்த டிக்குகளை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனியை ஒரு தீபாவளிக்கு முன்னால் இழுத்து மூடிவிட்டார்கள். கையில் வேலை இல்லை, வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி ஏஜெண்ட் பரீட்சை எழுதினேன். பாஸ் ஆனேன். முதல் பாலிசியை என் மனைவி பெயரில் போட்டேன். எல்லா ஏஜெண்டும் அப்படித்தான், முதல் பலி வீட்டிலேயே. அதே வாரத்தில் இரண்டாவது பாலிசி போட்டவர் அஸ்தினாபுரத்தில் குடியிருந்த ஒரு கணக்கு டீச்சர்.

அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. அப்போதெல்லாம் வங்கியில் போட்டாலே நல்ல வட்டி. எங்கள் கம்பெனி அந்த வட்டி என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பி ஒரு பென்ஷன் பாலிசி கொண்டுவந்திருந்தது. பதினைந்து வருடம் பணம் கட்ட வேண்டும். அப்புறம் ஓரிரு வருடம் சும்மா இருக்க வேண்டும். அதன் பின் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் ஒரு தொகை வரும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை முதல் நாளே பாலிசிப் பத்திரத்தில், எங்கள் பாஷையில் பாண்டில், அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வட்டி ஏறினாலும் இறங்கினாலும், பங்கு மார்க்கெட் விழுந்தாலும் எழுந்தாலும், அச்சடித்த தொகை மாறாது.

டீச்சருக்கும் என் மனைவிக்கும் ஒரே வயது. ஒரே திட்டம், ஒரே தவணை. ஆகவே பாண்டில் இருந்த தொகையும் ஒன்றே. என் வீட்டிலும் இதையேதான் போட்டிருக்கிறேன் என்று சொல்லித்தான் அவரைச் சேர்த்தேன்.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியார் பள்ளியில் வேலை, அதனால் பென்ஷன் கிடையாது. இருந்தது வாடகை வீடு. தம்பி குடும்பம் மதுரைப் பக்கம் இருந்தது. அவர்கள் வந்து தங்கச் சொல்லி அழைப்பார்கள், இவர் போகமாட்டார். வேலை நின்ற பிறகும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல், தன் வீட்டில், தன் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே கடைசி வரை இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்தப் பாலிசியை அவர் அதற்காகவே எடுத்தார். நான் விளக்கி முடித்ததும் ஒரு நோட்டை எடுத்துப் பதினைந்து வருடக் கணக்கையும் போட்டுப் பார்த்தார். கடைசியில் வந்த மாதத் தொகையைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தார். கணக்கு டீச்சர்கள் விடையைச் சுற்றிப் போடும் கட்டம். அதில் வாடகை அடங்கும், பால் அடங்கும், மருந்தும் அடங்கும் என்றார்.

வகுப்பில் அவர் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டாம். வினாத்தாளை முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறக்காதே. அவரே இதை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் என் ஃபார்மை மட்டும் படிக்கவில்லை. டிக் இருந்த இடங்களில் எல்லாம் மணிமணியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அதுக்குத்தானே சார் நீங்க இருக்கீங்க" என்றார்.

அப்புறம் பதினைந்து வருடமும் ஒரு தவணை தவறவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பிளம் கேக் வரும். தவணைக்கு நான் போனால் காப்பியும் முறுக்கும் கிடைக்கும். காலம் அந்த மட்டும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வட்டி மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. வங்கியில் டெபாசிட் போட்டவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். எனக்கு அது வியாபாரமாகத்தான் தெரிந்தது. வங்கியில் போடாதீர்கள், எங்களிடம் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வங்கியை அடித்த அதே அடி எங்கள் கம்பெனியின் மேலும் விழுந்துகொண்டிருக்கிறது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அதை உறைக்கவைத்தவர் எங்கள் கிளை மேலாளர். கொரோனாவுக்கு முந்தின வருடம், தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் பழைய ஏஜெண்டுகளை மட்டும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். டை கட்டியிருப்பார், நன்றாகப் பேசுவார். வழக்கமாகப் படம் போட்டுக் காட்டி உற்சாகப்படுத்துகிறவர் அன்று கதவைச் சாத்தச் சொன்னார்.

கம்பெனி நம்மிடம் வாங்கிய பணத்தை அரசாங்கப் பத்திரங்களில் போட்டிருந்ததாம். அந்தப் பத்திரங்கள் பத்து வருடத்தில் முதிர்ந்து பணம் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் போடப் போனால் பழைய வட்டி இல்லை, ஏறக்குறையப் பாதிதான். ஆனால் வாடிக்கையாளருக்கு அச்சடித்துக் கொடுத்தது பழைய வட்டிக் கணக்கில். இடையில் விழும் பள்ளத்தைக் கம்பெனி தன் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும். அதுவும் ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, அந்த ஆள் சாகும் வரை.

"மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மென்டுக்கு, ஆயுசு பூரா இதே விலைக்குத் தண்ணி லாரி அனுப்புறேன்னு ஒருத்தன் எழுதிக் கொடுத்துட்டான்னு வைங்க. அவன் நிலைமைதான் நம்ம நிலைமை" என்றார் மேலாளர். "ஜனங்க வேற இப்பல்லாம் எண்பது, தொண்ணூறு வரைக்கும் இருக்காங்க. நூறு வரைக்கும் இருந்தா நாம காலி."

ஹாலில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நீங்க நல்லா இருக்கணும், நீண்ட நாள் இருக்கணும் என்று வாயாரச் சொல்கிறவன் நான். ஆயுள் பாலிசி எடுத்தவன் சாகக்கூடாது என்று கம்பெனி வேண்டிக்கொள்ளும், பென்ஷன் பாலிசி எடுத்தவன் நெடுநாள் இருந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ளும். அதே கம்பெனி, அதே காலண்டர், அதில் அதே சாமி படம்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். பழைய பென்ஷன் பாலிசிக்காரர்கள் தாங்களாகவே சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டால், கம்பெனி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அந்தப் பணத்தைப் புதிய திட்டத்தில் போட வைக்க வேண்டும். புதிய திட்டம் மார்க்கெட்டோடு போவது. பணம் பங்குகளில் போகும், அவர் பங்கை யூனிட் என்று கணக்கு வைப்பார்கள், யூனிட் விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம், இரண்டும் வாடிக்கையாளருக்கே. கம்பெனி எந்த வாக்குறுதியும் தராது. பத்துப் பேரை மாற்றும் ஏஜெண்டுக்கு அடுத்த ஏப்ரலில் சிங்கப்பூர் டூர், தம்பதியாக.

எனக்கு அப்போது நிலைமை சரியில்லை என்பதும் உண்மை. மேடவாக்கம் பக்கம் ஐ.டி. வேலையில் இருந்த வாடிக்கையாளர்கள் பலருக்கு அந்த வருடம் வேலை போயிருந்தது. பாலிசிகள் ஒவ்வொன்றாகத் தவணை கட்டாமல் நின்றுபோய்க்கொண்டிருந்தன. தவணை நின்றால் என் கமிஷனும் நிற்கும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானமாகச் சொன்னாலும் யாரும் ஏற்கப்போவதில்லை.

இரண்டு மாதத்தில் ஒன்பது பேரை மாற்றிவிட்டேன். பெரும்பாலும் சம்பளக்காரர்கள், கடைக்காரர்கள். மார்க்கெட் ஏறுமுகமாக இருந்ததால் யாரும் அதிகம் கேட்கவில்லை. பத்தாவதாக டீச்சரிடம் போனேன். அவருக்கு மாதத் தொகை வர ஒரு வருடம்கூட மீதி இல்லை.

டீச்சர் ஒருத்தர்தான் கணக்குப் போட்டார். பழைய நோட்டையே எடுத்தார். கட்டம் போட்ட அந்தத் தொகை மங்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிய திட்டத்தின் கணக்கை எழுதினார். இவ்வளவு ஏறினால் இவ்வளவு, ஏறாவிட்டால் இவ்வளவு என்று மூன்று வரிசையாக எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கணக்குல பழசுதான் சார் நல்லதுன்னு வருது" என்றார்.

கணக்கில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் கணக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் கை வைத்தேன். மேலாளர் எங்களிடம் சொன்ன ரகசியத்தை அப்படியே திருப்பி அவர்மேல் பிரயோகித்தேன். அதெல்லாம் காகிதத்தில்தான் டீச்சர், கொடுக்கிறவன் இருந்தால்தானே கிடைக்கும், கம்பெனியே தள்ளாடுகிறது, இந்தப் பழைய பாலிசிகள்தான் கம்பெனியை அரிக்கின்றன என்று மீட்டிங்கிலேயே சொன்னார்கள், நாளைக்குக் கம்பெனி கையை விரித்துவிட்டால் பாண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பதினைந்து வருடம் வியர்வை சிந்திக் கட்டிய ஒருத்தரைப் பயமுறுத்திவிட்டு நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க உங்களோடதை மாத்திட்டீங்களா சார்?"

"மாத்திட்டேன் டீச்சர். போன வாரமே."

பச்சைப் பொய். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது பெரிய பொய்யாகப் படவில்லை. மாற்றத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். என் மனைவியின் சரண்டர் ஃபார்மும் அதே பையில்தான் இருந்தது, டிக் போட்டுத் தயாராக. நாலு நாள் முன்னே பின்னே, அவ்வளவுதானே என்று தோன்றியது.

டீச்சர் நோட்டை மூடி ஒரு பக்கம் வைத்தார். பேனாவைத் திறந்தார். பதினோரு டிக். பதினோரு கையெழுத்து. புதிய திட்டத்துக்கு அரை வருடத்துக்கு ஒரு தவணை என்று நானே எழுதிக்கொண்டேன். சரண்டர் பணத்தை மொத்தமாக ஒரே தடவையில் போடவைத்திருக்கலாம். பிரித்துப் பிரித்துக் கட்டினால்தான் எனக்குக் கமிஷன் அதிகம்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் வீட்டில் என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஃபார்மை வைத்து, டிக் போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு என்றேன். இத்தனை வருடத்தில் நான் நீட்டிய எதிலும் அவள் கேள்வி கேட்டதில்லை. அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டாள். டீச்சரிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். வட்டி இறங்கியது, கம்பெனி கைக்காசு போடுவது, தண்ணி லாரி, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டாள். "இதனால கம்பெனிக்கு நஷ்டம்னா, நமக்கு லாபம்னுதானே அர்த்தம்?" என்றாள். "நஷ்டப்படுறவன் விட்டுக்கொடுன்னு கெஞ்சுறான், சரி. நீங்க ஏன் அவனுக்காக என்கிட்ட வந்து நிக்கிறீங்க?"

கம்பெனியே விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"விழப்போற கம்பெனி உங்களை சிங்கப்பூர் கூட்டிட்டுப் போவுதா?"

ஃபார்மை என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ஹாலில் அத்தனை ஏஜெண்டுகள் உட்கார்ந்து கேட்டோம், ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. தோன்றியவனும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியின் பயத்தைக் கேட்டு நாங்கள் எல்லோரும் கம்பெனியாகவே மாறிப்போய்ப் பயந்தோம். யாருடைய காசில் சாப்பிடுகிறோம் என்பதே மறந்துபோயிற்று.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டீச்சரின் ஃபார்ம் அப்போது என் பையில்தான் இருந்தது. கம்பெனிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது என் பையிலேயே இருந்தது. அஸ்தினாபுரம் என் வீட்டிலிருந்து டூவீலரில் கால் மணி நேரம். அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் போய், டீச்சர், உங்கள் கணக்குதான் சரி, என் வீட்டிலும் மாற்றவில்லை என்று சொல்லி ஃபார்மைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஒன்பது முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் என்று மனசு கணக்குப் போட்டது. திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். தெரியாமல் செய்திருந்தால் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தபின் செய்ததற்குத் துரோகம் என்றுதான் பெயர்.

சிங்கப்பூருக்கு நான் போகவில்லை. மார்ச்சில் கொரோனா வந்து ஊரையே சாத்திவிட்டது. டூருக்குப் பதிலாகக் கம்பெனி ஒரு சக்கரம் வைத்த பெட்டியை அனுப்பியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

அந்த மார்ச்சில் மார்க்கெட் தலைகீழாக விழுந்தது. டீச்சர் போட்ட முதல் தவணையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் கரைந்துபோனது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். முதலில் பாதிச் சம்பளம் என்றார்கள், அப்புறம் அதுவும் இல்லை. இரண்டாவது தவணை கட்ட வேண்டிய நேரம் சரியாக அப்போது வந்தது. சரண்டர் பணத்தில் மீதி வங்கியில் இருந்தது. அதை எடுத்துத் தவணை கட்டினால் வாடகைக்கு என்ன செய்வது? டீச்சர் போனில் கேட்டார். மேலாளருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து நானே, கட்ட வேண்டாம் டீச்சர், கையில் இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்றேன். என்னால் வேறென்ன சொல்ல முடியும்?

தவணை நின்றது. நின்றால் என்ன ஆகும் என்பது அந்த ஃபார்மின் எட்டாவது பக்கத்தில் இருக்கிறது. விழுந்துகிடக்கும் விலைக்கே யூனிட்டை எல்லாம் விற்று, செலவைக் கழித்து, மிச்சத்தைத் தனியே ஒரு கணக்கில் போட்டு வைப்பார்கள். கொஞ்சம் வட்டி சேரும். பாலிசி போட்டதிலிருந்து ஐந்து வருடம் ஆகும் வரை தொடக்கூட முடியாது. அதே வருடக் கடைசியில் மார்க்கெட் எழுந்து ஓட ஆரம்பித்தது. மற்ற ஒன்பது பேரில் தாக்குப்பிடித்துத் தவணை கட்டியவர்களுக்கு நல்ல லாபம். ஒருவர் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். காத்திருக்க முடிந்தவனுக்கு மார்க்கெட் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. டீச்சரிடம் காத்திருக்க எதுவும் இல்லை.

கம்பெனி நன்றாக இருந்தது. சுமை குறைந்துவிட்டது என்று அடுத்த கூட்டத்தில் கைதட்டினார்கள். மேலாளர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். கம்பெனிப் புத்தகத்தில் இருந்த பயத்தை எடுத்து, என் டூவீலரில் வைத்து, அஸ்தினாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுபோய் இறக்கியவன் நான். மேலாளராவது சம்பளத்துக்குச் செய்தார். நான் ஒரு பெட்டிக்குச் செய்தேன்.

பாண்டில் அச்சடித்தபடி, சொன்ன மாதத்தில், என் மனைவிக்கு முதல் தொகை வந்தது. கம்பெனி விழவில்லை, தள்ளாடவும் இல்லை. இன்று வரை ஒரு மாதம் தவறவில்லை.

டீச்சர் ஒன்றரை வருடத்தில் அஸ்தினாபுரம் வீட்டைக் காலி செய்தார். வாடகை குறைவு என்று ஊரப்பாக்கத்தில் ஒரு ரூமும் சமையலறையும் பார்த்துக்கொண்டு போனார். அந்த வயதில் மறுபடி டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். ஞாயிறு தோறும் ரயிலேறி குரோம்பேட்டையில் இறங்கிப் பழைய சர்ச்சுக்கு வந்து போவார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மார்க்கெட் விழுந்தா நீங்க என்ன சார் செய்வீங்க, உங்களுக்கும்தானே நஷ்டம் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நானும் தலையாட்டினேன். கிறிஸ்துமஸ் கேக்கும் நிற்கவில்லை. அதை விழுங்குவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரிடம் சொல்வது?

அப்படி ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், காலையில், கேக்கை எடுத்துக்கொண்டு டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

கேஸ் சிலிண்டர் புக் செய்திருந்தாள், அதுவாக இருக்கும் என்று நினைத்து, "கொஞ்சம் படிச்சு சொல்லுங்க டீச்சர், எனக்கு எழுத்து தெரியல" என்று போனை நீட்டினாள்.

நான் எழுந்திருப்பதற்குள் டீச்சர் வாங்கிவிட்டார். கம்பெனி பெயரைப் படித்தார். பென்ஷன் என்று படித்தார். தொகையைப் படித்தார். படித்துவிட்டு நிறுத்தினார். அந்தத் தொகையை இந்த உலகத்தில் என் மனைவியைத் தவிர வேறு யாருக்காவது மனப்பாடமாகத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். நோட்டில் கட்டம் போட்ட விடை அது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார், நிதானமாக, டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி. "பணம் வந்திருக்கும்மா. சரியா வந்திருக்கு" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். என் மனைவியிடம் கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க வீட்டம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க சார்?" என்று கேட்டார்.

"பத்தாவது டீச்சர்."

தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்னால் அந்த ஐந்து வருடம் முடிந்தது. மிச்சமிருந்த பணத்தை வாங்க ஃபார்ம் கொடுக்க வேண்டும். டீச்சர் போன் செய்து, ஃபார்மை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வேறு ஏஜெண்டிடம் போயிருக்கலாம், நேராக ஆபீஸுக்கே போயிருக்கலாம். என்னைத்தான் கூப்பிட்டார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத் தேடிக்கொண்டே ஊரப்பாக்கம் போனேன்.

ரூமில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் கரும்பலகை. காப்பி கொடுத்தார். ஃபார்மை எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். முந்தின நாள் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் பென்சிலால் டிக் போட்டு வைத்திருக்கிறேன். கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது.

டீச்சரும் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்தார். முதல் பக்கத்து டிக்கை அழித்தார். பக்கத்தைப் புரட்டி அடுத்ததை அழித்தார். அவசரப்படவில்லை, காகிதம் கசங்காமல், ஒரு டிக் விடாமல், கடைசிப் பக்கம் வரை அழித்தார். ரப்பர் துகளைக் கையால் வழித்துக் கூடையில் போட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர், நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

வகுப்பில் பேசுகிறவனை நிறுத்துவதுபோல் நிமிராமலே கையை உயர்த்தினார்.

"படிச்சிட்டு இருக்கேன் சார்" என்றார்.

பேனா மூடியபடியே மேஜையில் கிடந்தது. அவர் எட்டாவது பக்கத்துக்கு வரும்போது என் காப்பி ஆறிப்போயிருந்தது. அவர் படித்து முடிக்கும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.